நான் படிக்காமல் அழித்த பதில்

வகுப்பறைக்கு உதவும் இலவசச் செயலிகளைப் பற்றி, புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எதை எங்கே தரவிறக்குவது, எப்படிக் கணக்கு தொடங்குவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் விரல்கள் ஓடும் வேகத்தைப் பயிற்சிகளில் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரே ஒரு செயலியைப் பற்றியும், அதை வைத்து நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். எந்தக் கூட்டத்திலும் இதை நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் வேறு ஏதாவது பேசிச் சமாளித்திருக்கிறேன்.

மதுரையில் கிறித்தவ நிர்வாகத்தின் கீழ் உள்ள ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் அறிவியல் நடத்தினேன். அதில் முக்கால்வாசிக் காலம் கரும்பலகையும் சாக்பீஸும்தான். ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மற்றவர்கள் எப்போது இது முடியும் என்று புலம்பிக்கொண்டிருக்க, நான் செயலிகளைக் கற்றுக்கொண்டேன். சமைக்கும்போதுகூடச் செல்போனை மசாலா டப்பாக்களின் மேல் சாய்த்துவைத்துப் பயிற்சி வீடியோ பார்ப்பேன். பள்ளி திறந்தபோது எனக்கு ‘ஆப் மிஸ்’ என்று பெயர் வந்திருந்தது. பிள்ளைகள் வைத்த பெயர்தான். கேட்கும்போது உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

பள்ளி திறந்த புதிதில் பிள்ளைகள் பேசவே இல்லை. இரண்டு வருடம் வீட்டுக்குள் கிடந்துவிட்டு வந்த ஒன்பதாம் வகுப்பு. கேள்வி கேட்டால் நாற்பது பேரும் குனிந்துகொள்வார்கள். அப்போது ஒரு இலவச வினாடி வினாச் செயலி கைகொடுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. விடைக்கு ஏற்ப அட்டையைத் திருப்பிப் பிடித்தால், என் செல்போன் கேமரா அதைப் படித்து, யார் என்ன விடை சொன்னார்கள் என்று எனக்கு மட்டும் காட்டும். பிள்ளைகள் வாய் திறக்கவே தேவையில்லை. முதல் நாள் பத்துக் கேள்விக்கும் சரியான விடை காட்டியவள், கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தி. அவளைப் பாண்டீஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. அப்பா ஒத்தக்கடையிலிருந்து ஊருக்குள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். “பத்துக்குப் பத்து ஒருத்திதான்” என்று நான் அவள் பெயரைச் சொன்னதும் வகுப்பு திரும்பிப் பார்த்தது. அவள் அட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். அட்டைக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

வாய் திறக்காத பிள்ளைகூடச் செயலி வழியாகப் பேசும் என்று அன்றைக்கு நான் முடிவுகட்டிவிட்டேன்.

அந்தக் கல்வியாண்டின் கடைசியில், மார்ச் மாத வாக்கில், ஒரு இணையவழிக் கூட்டத்தில் வேறு மாவட்டத்து ஆசிரியை ஒருவர், படிவச் செயலி ஒன்றை வைத்துப் பிள்ளைகளின் மனக்குறைகளைப் பெயரில்லாமல் எழுதி வாங்கியதைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் அந்தக் கைதட்டல் வேண்டியிருந்தது. மறுநாள் உணவு இடைவேளையில் பத்தே நிமிடத்தில் படிவத்தைத் தயாரித்தேன். ஒரே கேள்விதான். ‘உன் மனதில் உள்ள எதை வேண்டுமானாலும் எழுது.’ வகுப்பில் போய்ச் சொன்னேன்.

“பேர் எழுத வேண்டாம். மிஸ் மட்டுந்தான் படிப்பேன். வேற ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது.”

“உங்களுக்கும் நாங்க யாருன்னு தெரியாதா மிஸ்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எனக்கும் தெரியாது.”

இணைப்பைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிள்ளைகளுக்குச் சொந்தப் போன் கிடையாது. அம்மா போனிலோ அப்பா போனிலோதான் எழுத வேண்டும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அதை யோசிக்கவில்லை. இன்னொன்றையும் பார்க்கவில்லை. பதில் அனுப்பியவர்களுக்கு மற்றவர்களின் பதில்களையும் காட்டலாமா என்று அந்தச் செயலியில் ஒரு பொத்தான் உண்டு. முந்தின வாரம் அறிவியல் மன்றத்துக்காக நடத்திய வாக்கெடுப்புக்கு அதை நானே திறந்துவைத்திருந்தேன். அதே படிவத்தைத்தான் நகலெடுத்துக் கேள்வியை மட்டும் மாற்றியிருந்தேன்.

மறுநாள் காலை கே.கே. நகரில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினேன். பைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்குச் சற்று முன்னால் ஒரு மருந்துக் கடை ஓரமாக வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா, விடியற்காலையிலேயே திரையைப் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டிருந்தார். கீழே, ‘இது யார் வீட்டுப் பிள்ளை? பாவம்’ என்று எழுதியிருந்தார். படத்தில் இருந்தது இது.

‘மிஸ், எனக்கு வீட்ல கல்யாணம் பேசுறாங்க. அத்தை மகனுக்கு. எனக்கு வேண்டாம். நான் படிக்கணும். அப்பா ஆட்டோவுக்குப் போயிட்டு வந்து அத்தைகிட்ட போன்ல பேசுனத கேட்டேன். நீங்க ஏதாச்சும்’

அத்தோடு திரை முடிந்திருந்தது.

நாற்பது பேரில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள் ஒருத்திதான். அதற்குள் அந்தப் படத்துக்குக் கீழே இருபதுக்கும் மேற்பட்ட பதில்கள். பெயரை வெளிப்படையாகவே எழுதிவிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். கையில் போன் இருக்கிறது. படிவம் எனக்குத் திறக்கிறது. அந்தப் பிள்ளை எழுதிய முழுப் பதிலும் அதற்குள் இருக்கிறது. நான் செய்திருக்க வேண்டியவை மூன்று. மற்றவர்கள் பார்க்க முடியாதபடி பொத்தானை மூடுவது, பதிலை முழுதாகப் படிப்பது, தலைமையாசிரியையிடம் ஓடுவது. நானோ படிவத்தையே அழித்தேன். அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போய் ஒரு மாதம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அங்கேயும் போய், ‘நிரந்தரமாக நீக்கு’ என்பதை அழுத்தினேன். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான்தான் ஆப் மிஸ் ஆயிற்றே.

செய்தி மேலும் பரவாமல் தடுக்கிறேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பொத்தானைத் திறந்துவைத்தது நான்தான் என்பதற்குச் சாட்சி இருக்கக் கூடாது என்பதுதான் என் கை அறிந்த ஒரே காரணம்.

பள்ளிக்குள் நுழைந்தபோது தலைமையாசிரியையின் அறையில் பாண்டீஸ்வரியின் அப்பா நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை போலும். நாற்காலி விலக்கியே கிடந்தது. எங்கள் தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. அதிகம் பேச மாட்டார். நாங்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

“வாங்க டீச்சர்” என்றார் அந்த அப்பா. “எம் மக பேரை ஊருக்கே போட்டுக் குடுத்துட்டீங்களே. ஸ்டாண்டுல நிக்க முடியல. வண்டில ஏறுறவன்லாம் போனை நீட்டிக் காட்டுறான். எங்கக்கா மகனுக்குப் பேசுறோம், பேசாமப் போறோம். அது எங்க வீட்டுச் சமாச்சாரம். உங்கள யாரு கேட்டா?”

என் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். பதறினால் எனக்குத் தமிழ் வராது. அன்று எதுவுமே வரவில்லை.

சிஸ்டர்தான் பேசினார். “ஒம்பதாவது படிக்கிற பிள்ளை. பதினாலு வயசு. அவகிட்ட நான் கொஞ்சம் தனியாப் பேசுறேன். நீங்க வெளிய இருங்க.”

“தனியா என்ன பேச்சு? எம் முன்னாடி கேளுங்க. எம் மக பொய் சொல்ல மாட்டா.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை துணைக்கு வேண்டும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. வகுப்பாசிரியை நான். ‘தனியாகத்தான் கேட்க வேண்டும்’ என்று நானும் சொல்லியிருந்தால் அவரை வராண்டாவில் உட்கார வைத்திருக்கலாம். எனக்கோ அந்தக் காரியம் சீக்கிரம் முடிந்து, அந்தக் காக்கிச் சட்டை என் கண்ணிலிருந்து மறைந்தால் போதும் என்றிருந்தது.

“இங்கயே கேட்டுரலாம் சிஸ்டர்” என்றேன்.

பாண்டீஸ்வரியைக் கூட்டிவந்தார்கள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. சிஸ்டரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது நீ எழுதுனதாம்மா?” என்று சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

“இல்ல சிஸ்டர்.”

“பயப்படாம சொல்லு.”

“நான் எழுதல சிஸ்டர்.”

“கேட்டுக்கிட்டீங்கள்ல?” என்றார் அப்பா. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாசல் தாண்டும்வரை அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று காத்திருப்பதைப் போலத்தான் இருந்தது. எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை.

அவர்கள் போன பிறகு சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

“அந்தப் பிள்ளை எழுதுனது இம்புட்டுத்தானா? ‘நீங்க ஏதாச்சும்’னு பாதியில நிக்குதே. மீதி என்ன?”

“தெரியல சிஸ்டர்.”

“எடுத்துப் பாருங்க.”

“அழிச்சுட்டேன்.”

“படிச்சுட்டா?”

நான் போனைக் கைப்பைக்குள் வைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. “யாருக்காக அழிச்சீங்க டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு மேலதிகாரி என்னைக் கேட்ட ஒரே உண்மையான கேள்வி அதுதான்.

படம் எடுத்துப் போட்ட அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தேன். மேலே கீழே நகர்த்தி முழுதாகப் படித்தீர்களா என்று கேட்டேன். “இல்ல மிஸ், அம்புட்டுத்தான் பாத்தேன். அந்தப் பிள்ளைக்கு யாராச்சும் உதவுவாங்கன்னுதான் போட்டேன். தப்பாப் போச்சே மிஸ்” என்று அழுதுவிட்டார். என் பொத்தானைப் பற்றி அவரிடமும் நான் சொல்லவில்லை. தப்பு அவர்மேலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிஸ்டர் அன்றே குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்தார். அங்கிருந்து ஓர் அம்மாவும் ஒரு இளைஞரும் வந்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒத்தக்கடைக்குப் போய் வீட்டில் விசாரித்தார்கள். யாரோ விளையாட்டாக எழுதியது என்று வீட்டில் சொன்னார்கள். பிள்ளையும் தலையாட்டினாள். பதினெட்டு வயதுக்கு முன் அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். போகும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னது இது. “தேதியும் இடமும் தெரிஞ்சா அன்னைக்கே போயி நிறுத்திருவோம் மேடம். அது இல்லாம வெறும் எழுத்து வாங்குறதுதான் முடியும். உங்களுக்கு ஏதாச்சும் தெரிய வந்தா உடனே கூப்பிடுங்க.”

எனக்கு எதுவும் தெரிய வரவில்லை.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். பேரையூரில் அக்கா வீட்டில் தங்கவைத்துப் படிக்க வைக்கப்போவதாகச் சொன்னார். சிஸ்டர் ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார். பள்ளி அதைத் தராமல் இருக்க முடியாது. வகுப்பாசிரியை என்ற முறையில் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் முன்பு அவளோடு ஆட்டோவில் வந்துகொண்டிருந்த பிள்ளை ஒருத்தி சொன்னாள். “மிஸ், பாண்டீஸ்வரிக்குக் கல்யாணம் ஆயிருச்சாம். பேரையூர்ப் பக்கம் வச்சு முடிச்சுட்டாங்களாம்.” நான் பாடத்தைத் தொடங்கினேன். அட்டைகளை வைத்து நடத்தும் வினாடி வினாவை அந்த ஆண்டு நான் நடத்தவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

மறு வருடம் ஓய்வு பெற்றேன். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. செயலிப் பயிற்சி என்றால் என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். படிவச் செயலி பாடம் வந்தால், வருகைப் பதிவுக்கும் தேர்வுக்கும் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

போன ஆண்டு பேரையூரில் ஒரு பள்ளியில் மதியம் பயிற்சி. முன்கூட்டியே போய்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கடையோரம் மருந்துப் பையோடு நின்ற ஒரு பெண், “மிஸ்” என்றாள். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முகம் அந்த அளவுக்கு வாடியிருந்தது. பதினெட்டு வயது முகமாக அது தெரியவில்லை.

“நல்லாருக்கீங்களா மிஸ்? தலையெல்லாம் நரைச்சுருச்சு.”

“நீ எப்படிம்மா இருக்க?”

“இருக்கேன் மிஸ். அத்தைக்கு மாத்திரை வாங்க வந்தேன். பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு.”

நிழலில் உட்கார்ந்தோம். பள்ளியைப் பற்றிக் கேட்டாள். சிஸ்டரைப் பற்றிக் கேட்டாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். கல்லூரி, நர்சிங் என்று நான் சொல்லச் சொல்ல, “ம்” கொட்டிக்கொண்டே கேட்டாள்.

“மிஸ், ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நீங்க அனுப்புனதுல எழுதுனேன்ல. தேதி, கோயில் பேரு எல்லாமே எழுதியிருந்தேனே. அப்பா போன்ல பேசுறப்ப ஒளிஞ்சு நின்னு கேட்டு அம்புட்டையும் எழுதுனேன். வைகாசில வச்சிருக்காங்க, அன்னைக்கு வந்து நிறுத்திருங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்கன்னு எழுதியிருந்தேன். அப்பா முன்னாடி வச்சுக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அதான் இல்லன்னேன். நீங்கதான் படிச்சிருப்பீங்களேன்னு தைரியமா இல்லன்னேன்.”

என்னால் பொய் சொல்லியிருக்க முடியும். முயன்றோம், முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

“நான் படிக்கலம்மா” என்றேன். “அந்தப் படத்துல தெரிஞ்சது வரைக்குந்தான் எனக்குத் தெரியும். மீதியப் படிக்காமலே அழிச்சுட்டேன். மத்தவங்க பாக்குற மாதிரி திறந்து வச்சதும் நான்தான்.”

“ஏன் மிஸ் அழிச்சீங்க?”

“பயந்துட்டேன். எனக்குக் கெட்ட பேரு வந்துருமோன்னு.”

அவள் கோபப்படவில்லை. அழவும் இல்லை. மருந்துப் பையின் வாயை இரண்டு மூன்று முறை மடித்துவிட்டுக்கொண்டாள்.

“அன்னைக்குக் கோயில்ல வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன் மிஸ். தாலி கட்டுற வரைக்கும் பாத்தேன். நீங்க படிச்சுட்டும் வரலன்னுதான் இந்நேரம் வரைக்கும் நெனச்சிருந்தேன்.”

அவளுடைய பேருந்து வந்தது. என் எண்ணை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதலாம், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் மிஸ். போயிட்டு வாரேன்” என்று ஏறிக்கொண்டாள். இதுவரை அழைக்கவில்லை. எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் கடன் தருகிறோம் என்று பேசுகிறார்கள்.

அன்று மதியம் பயிற்சிக்குப் போனேன். போகாமல் திரும்பிவிடத்தான் நினைத்தேன். முப்பது பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் உங்கள் வயதுதான். படிவச் செயலி வந்ததும் ஒரு பெண் எழுந்து, “மேடம், பேர் போடாம எழுதச் சொன்னா பசங்க உண்மையான பிரச்சினைய எழுதுவாங்களா?” என்று கேட்டாள்.

“எழுதுவாங்கம்மா” என்றேன். “நெசமாவே எழுதுவாங்க. அதனால கேக்குறதுக்கு முன்னாடி, அந்தப் போனை வீட்ல வேற யாரு பாப்பாங்கன்னு யோசிங்க. ஒரு பிள்ளையா நீங்களே ஒருதடவை பதில் அனுப்பி, அனுப்புன பிறகு என்ன தெரியுதுன்னு பாருங்க. யாராச்சும் எழுதிட்டா, அன்னைக்கே கடைசி வரி வரைக்கும் படிங்க. படிச்சது உங்களுக்குக் கெடுதலா இருந்தாலும் அழிக்காதீங்க. தலைமையாசிரியர்கிட்ட கொண்டுபோயிக் குடுங்க. தப்பு பண்ணியிருந்தா, நான்தான் பண்ணேன்னு அங்கயே சொல்லிருங்க.”

தண்ணீர் குடித்தேன். அந்தப் பெண் மட்டும் நான் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், அடுத்த செயலியின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். முப்பது பேரும் போனைக் குனிந்து பார்த்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள்.